உங்க பெஞ்சைக் காட்டுங்க

போன மாதம் சுமதி போன் செய்தாள். திண்டிவனத்தில் நான் ஓய்வு பெறும்வரை விசில் ஊதிய மகளிர் கல்லூரியில் இப்போது அவள்தான் உடற்கல்வி இயக்குநர். என்னிடமே படித்தவள் என்பதால் மரியாதையும் உண்டு, துணிச்சலும் உண்டு. இந்த வருஷத்திலிருந்து கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் மைதானத்துக்குள் நுழையும் முன் ஒவ்வொருவரும் மெஷினில் விரலை வைக்க வேண்டுமாம். இனிமேல் வெளி ஆளை இறக்கி ஆடவைக்க முடியாதாம். அதனால் பல்கலைக்கழக விசாரணைக் குழுவுக்கு வேலை இல்லை, கலைக்கப்போகிறார்கள் என்றாள். நினைவு மலர் ஒன்று போடுகிறார்கள், குழுவில் இருந்தவர் என்ற முறையில் நான் எழுதித் தர வேண்டும் என்று கேட்டாள்.

"நீங்கள்லாம் ஒழுங்கா விசாரிச்சீங்களா இல்லியான்னு நீங்களே எழுதுங்க மேடம். விசாரிக்கவே இல்லன்னுதான் எல்லாரும் பேசிக்கினு இருக்காங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. டீ ஆறுகிற வரைக்கும் கோபமாக இருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்ததில், கேள்வி நியாயமானதாகவே பட்டது. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் உடற்கல்வி படித்த கதையைச் சொல்லி யாரையும் சோதிக்க மாட்டேன். ஓடினேன், தாண்டினேன், வட்டு எறிந்தேன், கால் சுளுக்கியது, பட்டம் கொடுத்தார்கள். வேலைக்கு வந்து சில வருஷங்களில் விசாரணைக் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். திறமையைப் பார்த்துச் சேர்த்தார்கள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பெண்கள் சம்பந்தப்பட்ட புகாரில் பெண் உறுப்பினர் ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால் உத்தரவு செல்லாது என்று ஒரு விதி இருப்பதும், அதற்காக என் வலது கை மட்டுமே அவர்களுக்குத் தேவைப்பட்டதும் பிறகுதான் தெரிந்தது. கையோடு மீதி உடம்பும் வந்து சேர்ந்துவிட்டதில் அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்திருக்கலாம்.

குழுவின் அமைப்பாளர் ஜெயசீலன் சார். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் என்னைப்போலவே உடற்கல்வி இயக்குநர், ஆனால் என்னைவிட மூத்தவர். வெள்ளைக் கான்வாஸ் ஷூ, கையில் கறுப்புக் குடை, கழுத்தில் விசில். விசாரணைக்கு எதற்கு விசில் என்று ஒருமுறை கேட்டேன். பழக்கம் என்றார். அவரைப்போல நேர்மையான மனிதரை நான் பார்த்ததில்லை. அந்த நேர்மையால் பட்டினி கிடந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். விசாரணைக்குப் போகிற கல்லூரியில் எங்களுக்குப் பிரியாணி சொல்லிவைப்பது வழக்கம். சார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வீட்டிலிருந்து டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதமும் பாட்டிலில் தண்ணீரும் கொண்டுவருவார். அவர் சாப்பிடாத இடத்தில் நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது? எத்தனையோ நல்ல பிரியாணி என் கண்ணெதிரே வந்து, மூடி திறக்கப்படாமலே திரும்பிப் போயிருக்கிறது.

எங்களிடம் வரும் புகார்களில் முக்கால்வாசி ஒரே மாதிரி இருக்கும். ஒரு கல்லூரி ஜெயித்துவிடும். தோற்ற கல்லூரி, அங்கே ஆடியவன் மாணவனே இல்லை, வெளி ஆள், அல்லது விளையாட்டுக்காகப் பேருக்குச் சேர்த்துவைத்த ஆள் என்று புகார் கொடுக்கும். அந்தத் தோற்ற கல்லூரிதான் முந்தின வருஷம் வெளி ஆளை வைத்து ஜெயித்திருக்கும். ஆகவே இந்த விஷயத்தில் அவர்களுடைய சந்தேகத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

ஜெயசீலன் சார் சான்றிதழைப் பார்க்க மாட்டார். வருகைப் பதிவேடும் கேட்க மாட்டார். ஒரு காலத்தில் அதையெல்லாம் நம்பி நன்றாக ஏமாந்திருக்கிறார். எல்லாக் காகிதமும் சுத்தமாக இருந்த ஒருவன், ஒரு நாள்கூட அந்தக் கல்லூரிப் பக்கம் போனவன் இல்லை என்று பிற்பாடு தெரியவந்ததாம். அதிலிருந்து சாருடைய முறையே மாறிவிட்டது. காலையில் முதல் பஸ்ஸில் போய் இறங்குவோம். புகாருக்கு ஆளானவரை வரவழைப்பார். பக்கத்தில் உட்காரவைத்து ஊர், அப்பா அம்மா எல்லாம் விசாரிப்பார். பிறகு குடையை ஊன்றி எழுந்து, மெதுவான குரலில் கேட்பார்.

"வாங்க தம்பி. உங்க பெஞ்சைக் காட்டுங்க."

அவ்வளவுதான் விசாரணை. பையன் முன்னால் நடக்க வேண்டும், நாங்கள் பின்னால் போவோம், யாரும் வழி சொல்லக் கூடாது. தன் வகுப்பறைக்குப் போய் தன் பெஞ்சில் உட்கார்ந்தால் மாணவன், இல்லாவிட்டால் வெளி ஆள். "காகிதம் பொய் சொல்லும் மேடம், காலு சொல்லாது" என்பார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே உத்தரவு எழுதி முடித்துவிடுவார்.

ஆரம்பத்தில் இந்த முறை பிரமாதமாக வேலை செய்தது. பொம்மையார்பாளையத்தில் ஒரு விடுதியில் வேலை பார்த்துக்கொண்டு கடற்கரையில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த பையன் ஒருவனை ஒரு கல்லூரி இறக்கியிருந்தது. பெஞ்சைக் காட்டச் சொன்னதும் அவன் கொஞ்சமும் தயங்காமல் நடந்தான். இரண்டு கட்டடங்களைத் தாண்டினான். நூலகத்தைத் தாண்டினான். நேராகக் கேன்டீனில் போய் நின்று, அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். ஆட்டத்துக்கு வரும்போதெல்லாம் அங்கேதான் உட்காரவைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. எங்கள் கல்லூரிகளில் நிஜமான மாணவர்களில் பாதிப்பேர் அதே பெஞ்சைத்தான் காட்டுவார்கள், அதனால் சந்தேகத்தின் பலனை இவனுக்குக் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். சார் சிரிக்கவில்லை. அவர் எப்போதும் சிரிப்பதில்லை.

ஒரு முறை எத்தனை நாளைக்குத்தான் ரகசியமாக இருக்கும்? கல்லூரிகளும் உஷாராகிவிட்டன. விடுமுறை நாளில் வெளி ஆளைக் கூட்டிவந்து, வாசலிலிருந்து பெஞ்சு வரைக்கும் நடக்கவைத்து ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார்கள். கண்டமங்கலத்துக் கபடிக்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். தினமும் புதுச்சேரிக்குப் போய் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறவர், மீசையெல்லாம் நன்றாக விளைந்திருந்தது. அவர் எங்களை அழைத்துக்கொண்டு போன அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாடிப்படியில் ஒரு படி உடைந்திருக்கிறது, பார்த்து வாங்க மேடம் என்று என்னை எச்சரித்தார். மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தார். காம்பஸால் செதுக்கிய தன் பெயரைத் தொட்டுக் காட்டினார். செதுக்கிய இடத்தில் மரம் இன்னும் வெள்ளை வெளேரென்று இருந்தது. மரத்தூள்கூடச் சரியாகத் துடைக்கப்படவில்லை.

சாரைத் தனியாக அழைத்து, பேர் இன்றைக்கு நேற்று செதுக்கினது மாதிரி இருக்கிறதே என்றேன்.

"பெஞ்சு எங்க இருக்குன்னு கேட்டோம், காட்டிட்டாரு. பேருக்கு எத்தினி வயசாவுதுன்னு நாம கேக்கல மேடம்" என்றார்.

கபடிக்காரர் மாணவர் என்று உத்தரவாயிற்று. அந்த வருஷம் அவர்கள்தான் கோப்பை வாங்கினார்கள். சார் காசு வாங்கினாரா, யாருக்காவது பயந்தாரா என்றால் கிடையவே கிடையாது. அவருக்கு அவருடைய சோதனை மீது நம்பிக்கை, அவ்வளவுதான். விசாரணை சரியில்லை என்றால் விசாரித்தவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் கூடவே இருந்து பார்த்தது வேறு. தங்கமான மனிதர் ஒருவர், ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, திருப்தியாக பஸ் ஏறிப் போனார்.

இப்படி வந்து சேர்ந்ததுதான் அஞ்சலாட்சியின் வழக்கு. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன் நடந்தது. மரக்காணத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பத்துப் பெண். திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் இருக்கிற ஓர் அரசு கல்லூரியில், பெயர் வேண்டாம், மூன்றாம் வருஷம் வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகப் போட்டியில் ஐயாயிரம் மீட்டரில் முதலாவதாக வந்தாள். அடுத்தது அகில இந்தியப் போட்டி. அங்கே ஓடிவிட்டு வந்தால் கிடைக்கும் சான்றிதழுக்குக் காவல் துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் மதிப்பு உண்டு. அவள் வீட்டில் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதாக வந்த கல்லூரி புகார் கொடுத்தது. இந்தப் பெண் பேருக்குச் சேர்ந்த ஆள், காலையில் பார்த்தால் கரையில் அம்மாவுடன் மீன் விற்றுக்கொண்டு நிற்கிறாள், கல்லூரிக்கே வருவதில்லை என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் வாங்கிய பரிசு ரத்து, மூன்று வருஷத் தடை. கடைசி வருஷம் படிக்கிறவளுக்கு மூன்று வருஷத் தடை என்றால், அத்தோடு எல்லாம் முடிந்தது என்று அர்த்தம்.

வழக்கம்போல நாங்கள் காலையில் போனோம். அஞ்சலாட்சி பிரின்ஸ்பால் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒல்லியான பெண், தலையில் எண்ணெய் வழிய வாரிப் பின்னியிருந்தாள். ஊரைக் கேட்டபோது நன்றாகப் பதில் சொன்னாள். காலையில் அம்மாவோடு மீன் விற்பது உண்மையா என்று கேட்டதற்கு, ஆமாம், கல்லூரி எனக்கு செகண்ட் ஷிஃப்ட், மதியத்துக்கு மேல்தான் என்றாள். சார் தலையாட்டிக்கொண்டார். குடையை ஊன்றி எழுந்தார்.

"உங்க பெஞ்சைக் காட்டும்மா."

அவள் சாரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நடந்தாள். முதல் அறை ஜன்னலில் எட்டிப் பார்த்தாள், நின்றாள், தாண்டினாள். அடுத்த அறையிலும் அதேபோல எட்டிப் பார்த்தாள். மாடியில் ஏறி அங்கேயும் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தாள். எல்லா அறையிலும் முதல் ஷிஃப்ட் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கடைசியில் திரும்பி, மெதுவாகச் சொன்னாள்.

"எதுவும் காலியா இல்லியே சார்."

"காலியா இருக்குதான்னு நான் கேக்கலியேம்மா. உன் கிளாஸ் எதுன்னுதான் கேக்கறேன்."

"அது... பெல் அடிச்சாதான் சார் தெரியும்."

சாருக்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. மூன்று வருஷம் படித்ததாகச் சொல்கிற பெண்ணுக்குத் தன் வகுப்பறை எது என்றே தெரியவில்லை. ஷிஃப்ட் மாறினால் அறை இடம் மாறுமா என்று பிரின்ஸ்பாலைக் கேட்டார். பிரின்ஸ்பால் தொண்டையைச் செருமினார். கூரையைப் பார்த்தார். சாப்பாடு சொல்லியிருக்கிறேன் என்றார். சார் தன் பையைத் திறந்து தாளை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அந்தக் கூரையைப் பார்த்த பார்வை பிடிக்கவில்லை. ஒளித்துவைக்க எதுவும் இல்லாத கல்லூரி முதல்வர், தன் மாணவி இப்படி மாட்டிக்கொள்ளும்போது இரண்டு வார்த்தை சண்டை போடுவார். போலி மாணவிக்காகவே குதித்த பிரின்ஸ்பால்களைப் பார்த்தவள் நான். அவரை வராந்தா ஓரமாக அழைத்துப் போய், என்ன சார் விஷயம் என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். அப்புறம் கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"தரம் பாக்கற கமிட்டி வந்துச்சு இல்ல மேடம், அவங்ககிட்ட எல்லா கிளாசுக்கும் தனித்தனியா ரூம் இருக்குன்னு மேல எழுதச் சொன்னாங்க, நான்தான் எழுதிக் குடுத்தேன். நெசத்துல நாலு கிளாசுக்கு ரூமே இல்ல. எது காலியோ அதுல பூந்துக்குவாங்க. இப்போ உங்க எதிருல இல்லன்னு நான் எப்படி மேடம் சொல்றது?"

ஒரு பெண்ணின் வாழ்க்கையையும் தன் கையெழுத்தையும் தராசில் வைத்துக்கொண்டு, அந்த மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இல்லாத அறையை இருக்கிறது என்று எழுதச் சொன்னவர்கள் யாரும் அன்றைக்கு அங்கே வந்து நிற்கவில்லை.

திரும்பி வந்தேன். சார் எழுதி முடித்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். நான் பிரின்ஸ்பால் சொன்னதைச் சொல்லவில்லை. சொன்னாலும் சார் நம்பப்போவதில்லை, வாயால் சொல்வது அவருக்குக் காகிதம் மாதிரிதான். மதியம் வரைக்கும் இருந்து பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், மேஜை எழுந்து பேசினால்கூட அவ்வளவு ஆச்சரியம் இருந்திருக்காது.

"இத்தினி வருஷத்துல நீங்க ஒரு தடவகூட இருக்கலாம்னு சொன்னதில்லியே மேடம்."

"இத்தினி வருஷத்துல ஒரு தடவையாவது நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சார்."

என் கையெழுத்து இல்லாமல் உத்தரவு செல்லாது. வேறு வழியில்லாமல் குடையைச் சாய்த்து வைத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தார். அஞ்சலாட்சி தூணோரமாக நின்று சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். விடிவதற்கு முன்பே கரைக்குப் போனவள், எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பிரியாணி வந்தது, மூடியோடு திரும்பிப் போனது. சார் டிபன் பாக்ஸைத் திறந்தார். ஒரு வாய் வைக்கப் போனவர், அந்தப் பெண்ணைப் பார்த்தார். மூடியில் பாதி எலுமிச்சை சாதத்தைத் தள்ளி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் சாருக்குக் கவலை வந்துவிட்டது. விசாரிக்கப்படுகிறவரிடம் நாம் எதுவும் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது, கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டார். எழுதி அனுப்பிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் சார் என்றேன்.

முதல் ஷிஃப்ட் விட்டது. செகண்ட் ஷிஃப்ட் பிள்ளைகள் பையும் கையுமாக வந்து வளாகத்தில் கூடினார்கள். யாரும் எந்த அறைக்குள்ளும் போகவில்லை. மரத்தடியிலும் படிக்கட்டிலும் நின்று காத்திருந்தார்கள். இவங்க ஏன் உள்ள போவாம நிக்கறாங்க என்று சார் முதல்முறையாகச் சந்தேகம் கேட்டார். பதில் சொல்வதற்குள் மணி அடித்தது.

"அஞ்சலாட்சி, எகனாமிக்ஸ் கெளம்பிட்டாங்க பாரு. இன்னா பண்ணிக்கினு இருக்கற?" என்று படிக்கட்டிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

அஞ்சலாட்சி துடித்துப்போய் எழுந்தாள். இரண்டடி எடுத்து வைத்தவள், விசாரணை நினைவு வந்து நின்று, திரும்பி சார் முகத்தைப் பார்த்தாள். போகட்டுமா என்று கண்ணாலேயே கேட்டாள். சாருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே தலையை ஆட்டினார்.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள் பாருங்கள். நான் வாழ்நாள் முழுக்க ஓட்டக்காரிகளோடு இருந்தவள். கோப்பைக்கு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு ஓட்டத்தைப் பார்த்ததில்லை. வராந்தாவில் எதிரே வந்த கூட்டத்தில் யார் மீதும் படாமல் வளைந்து போனாள். படிக்கட்டில் முன்னால் ஏறிக்கொண்டிருந்த பொருளாதார வகுப்புப் பையன்கள் நாலைந்து பேரை வழியிலேயே தாண்டினாள். அவளுக்குப் பின்னால் வரலாற்று வகுப்பு மொத்தமும் ஆடி அசைந்து போனது. தங்களுக்கு இடம் கிடைத்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். மூன்று வருஷமாக அவள்தான் அவர்களுக்கு அறை பிடித்துக் கொடுக்கிறாளாம்.

சார் குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். நானும் ஓடினேன், என் வயதுக்கு அது ஓட்டம்தான். மாடியில் கோடி அறை வாசலில் அஞ்சலாட்சி இரண்டு கையையும் விரித்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொருளாதாரத்துப் பையன்கள் வெளியே நின்று, தினமும் இதே ரோதனையாப் போச்சு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். சாரைப் பார்த்ததும் அவள் ஒரு கையை மட்டும் எடுத்து வழி விட்டாள்.

"இதான் சார் எங்க கிளாஸ் ரூமு. இன்னிக்கி."

சார் உள்ளே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கு வாங்கவில்லை. வரலாற்றுப் பேராசிரியர் வந்து, எங்களை யாரென்று தெரியாமல், கொஞ்சம் நகர்ந்துக்குங்க சார் என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவு எடுக்கத் தொடங்கினார். அஞ்சலாட்சி என்றதும் வாசலிலிருந்து உள்ளேன் ஐயா என்றாள். பையன்கள் முழுசாகக் கலைந்து போகிற வரைக்கும் அவள் நிலையை விடவில்லை.

காலையில் எழுதிய தாளை சார் நாலாகக் கிழித்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பெஞ்சிலேயே வைத்துப் புதிதாக எழுதினார். வழக்கமாக நீட்டி முழக்கி எழுதுகிறவர், அன்றைக்கு இரண்டே வாக்கியம் எழுதினார். இவர் உண்மையான மாணவி. இவருக்கு வகுப்பறை இல்லை.

வாசலில் வந்து நின்ற பிரின்ஸ்பால் அதைப் படித்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். முதல் வாக்கியம் போதுமே சார், இரண்டாவதை எடுத்துவிடுங்கள், மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்றார். சார் அவரைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"ரெண்டாவதை எடுத்துட்டா மொதலாவது நிக்காது சார். அந்தப் பொண்ணுக்கு அடுத்த புகார் நாளைக்கே வரும்" என்றார்.

எழுதியவாறே இருக்கட்டும் என்று பேனாவை என்னிடம் நீட்டினார். இந்த முறை பெருக்கல் குறி எதுவும் போட்டிருக்கவில்லை. எங்கே போடட்டும் சார் என்று கேட்டேன்.

"நீங்க படிச்சிப் பாத்து, சரின்னு பட்டா போடுங்க மேடம்" என்றார்.

படித்துப் பார்த்தேன். போட்டேன்.